மூக்கு நீளமானவனுக்கு வாடகை வீடு கிடைக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை நாற்பது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சென்ற ஞாயிறு இணைப்பில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் 'பெருமைப் பேரணி' பற்றி வந்த கட்டுரையைப் படித்ததில் கையிலிருந்த காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

"பிறவியிலேயே வந்த ஒன்றில் பெருமைப்பட என்ன இருக்கிறது? மூக்கு நீளமாக இருப்பவர்கள் ஊர்வலமா போகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர். நல்ல கேள்வி. நானே பல வருஷம் கேட்டுக்கொண்டதுதான். ஆணுக்கு ஆண்மேல் ஈர்ப்பு வந்ததில் என் உழைப்பு என்று ஒரு துளியும் இல்லை. ஆனால் அதே இணைப்பில் இரண்டு பக்கம் தள்ளினால் மணமகள் தேவை விளம்பரம். ஒவ்வொன்றும் குலம், உட்பிரிவு, கோத்திரம் என்றுதான் தொடங்குகிறது. அதெல்லாம் பரீட்சை எழுதித் தேறி வாங்கியதா? பொங்கல் மலரில் தமிழராய்ப் பிறந்த பெருமிதம் என்று நாலு பக்கம் போட்டீர்களே, அன்றைக்கு ஒருவருக்கும் மூக்கு ஞாபகம் வரவில்லை.

மூக்கு நீளமானவன் தாராளமாக ஊர்வலம் போகாமல் இருக்கலாம். அவனுக்கு வாடகை வீடு கிடைக்கிறது.

உங்களுக்கு நினைவிருக்காது, உங்கள் மருத்துவர் பதில் பகுதிக்கு 1993-இல் ஒரு கடிதம் எழுதினேன். வயது இருபத்தைந்து. விஷயத்தைச் சொல்ல வார்த்தை தெரியாமல் சுற்றி வளைத்து எழுதி, கீழே 'ஆர்.கே., திருச்சி' என்று போட்டேன். பதில் மூன்றாவது வாரம் வந்தது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும், நல்ல பெண்ணாகப் பார்த்துச் சீக்கிரம் கல்யாணம் செய்துகொண்டால் எல்லாம் தானே சரியாகிவிடும். அதை வெட்டி டைரியில் ஒட்டிவைத்தேன். இன்னும் இருக்கிறது, கோந்து மஞ்சளாகி எழுத்தின் மேல் ஏறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-இல். மூன்று வருஷம் கழித்தும் உங்கள் மருத்துவருக்குச் சேதி எட்டவில்லை.

பச்சைத் தண்ணீரில் குளித்தேன், ஐயா. மார்கழியில்கூட. கும்பகோணம் பக்கம் போய்ப் பெண்ணும் பார்த்தேன். கேசரித் தட்டை நீட்டிய அந்தப் பெண்ணின் கை நடுங்கியது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த நடுக்கம், எனக்கு வேறு. ஊர் திரும்பியதும் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஜோசியரைப் பிடித்துச் சொல்ல வைத்தேன். நூற்றியொரு ரூபாய் செலவு. உங்கள் ஆலோசனையைக் கேட்டிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே செலவாகியிருக்கும்.

2003-லிருந்து நாங்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவரை வீட்டுக்காரரிடம் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முந்தைய வீட்டில் மாமா பையன். இந்த வயதிலும் எந்தத் தெருவில் எந்த உறவு என்று மனப்பாடம் செய்துகொண்டு நடக்கிறோம். 2016-இல் அவருக்குப் பித்தப்பையில் கல். அவசரமாக ஆபரேஷன் என்று படிவத்தை நீட்டினார்கள். 'நோயாளிக்கு உறவு' என்று ஒரு கட்டம், அரை அங்குல அகலம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். "சீக்கிரம் எழுதுங்க சார்" என்றது நர்ஸ் பொண்ணு. 'நண்பர்' என்று எழுதினேன். நண்பர் கையெழுத்துச் செல்லாது, ரத்த சொந்தம் வேண்டும் என்றார்கள். பதினோரு வருஷமாக அவரோடு பேசாத அண்ணன் கரூரிலிருந்து பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டார். அதுவரை அவர் வலியில் சுருண்டு கிடந்தார், நான் வராந்தாவில் இருந்தேன்.

2018 செப்டம்பர் 6 அன்று, எங்கள் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அலுவலக கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "இனிமே நாமதான்டா ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே. ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு. எங்களிடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று அவர்களில் ஒருவரான நீதிபதி இந்து மல்ஹோத்ரா தனியாக எழுதினார். அந்த நாளில் நான் என்னைப் பார்த்தே சிரித்தேன். பெருமை எதற்கு என்று கேட்கும் கட்டுரையாளர், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருக்கலாம். பிறவியில் வந்ததற்குப் பெருமை கூடாது என்றால் அவமானம் மட்டும் எந்தக் கணக்கில் வந்தது?

இன்னொன்று. பெருமை என்பது உங்கள் ஆள் போட்ட சொல். 1969-இல் நியூயார்க்கில் எங்களைப் போன்றவர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்தபோது எதிர்த்து நின்றவர்களின் வழியில் அந்த ஊர்க்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'பிரைட்' (Pride). சென்னையில் நடத்துகிறவர்கள் அதை 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்றுதான் தமிழில் சொல்கிறார்கள். அய்யர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடந்த கல்யாணங்களை 1967-இல் சட்டம் போட்டுச் செல்லும் என்று ஆக்கிய மாநிலத்தில் சுயமரியாதைக்கு அகராதி வேண்டுமா? நீங்களே 'பெருமைப் பேரணி' என்று மொழிபெயர்த்துவிட்டு, நீங்களே அந்தப் பெருமை எதற்கு என்றும் கேட்கிறீர்கள். எங்களுக்கு இதில் என்ன வேலை என்று தெரியவில்லை.

ஒரே ஒரு முறை அந்தப் பேரணியைப் பார்த்திருக்கிறேன். போகவில்லை, பார்த்தேன். எதிர்ச் சாரியில் கரும்புச்சாறு வண்டி. ஊர்வலம் தாண்டிப் போகிறவரை மூன்று டம்ளர் குடித்தேன். எனக்குச் சர்க்கரை வேறு. இருபது வயதுப் பையன்கள் முகமூடி இல்லாமல் ஆடிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் அதிகமாகத்தான் ஆடினார்கள், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த வயதில் நான் பச்சைத் தண்ணீரில் அல்லவா நின்றுகொண்டிருந்தேன்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் 2021-இல் உத்தரவு எழுதினார். 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் வைத்தியத்துக்கும் அதில் தடை போட்டார். உங்கள் கட்டுரையாளருக்கு அவ்வளவு சிரமம் தேவைப்படவில்லை. எங்களைக் குறிக்க எந்தச் சொல்லைப் போடுவது என்று 2022-இல் தமிழ்நாடு அரசிதழிலேயே பட்டியல் வந்தது. நீங்களோ 'ஓரினச்சேர்க்கை' என்றே தலைப்புப் போடுகிறீர்கள். அந்தச் சொல்லில் சேர்க்கையைத் தவிர வேறெதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அதிகம் நடப்பது, பிரஷர் மாத்திரை போட்டாயா இல்லையா என்ற சண்டை.

இவ்வளவும் எழுதியது ஒரு சின்ன விஷயத்துக்காக. எங்கள் உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 377-ஐ உச்ச நீதிமன்றம் 2013-இல் நீக்கியதாகக் கட்டுரையில் இருக்கிறது. தவறு. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்ததை 2013 டிசம்பர் 11 அன்று பிடுங்கிக்கொண்டது உச்ச நீதிமன்றம். திருப்பிக் கொடுத்தது 2018-இல். நடுவில் இருந்த அந்த ஐந்து வருஷத்தில்தான் மேலே சொன்ன ஆபரேஷன் நடந்தது. 'திருத்தம்' பகுதியில் மூன்று வரி போட்டால் போதும். இரண்டாம் பக்கம் அடியில், ராசிபலனுக்குக் கீழே இடம் இருக்கிறது.

கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரைப் போட வேண்டாம். அவருடைய தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம், வீட்டுக்காரரும் உங்கள் சந்தாதாரர். அப்புறம் என்ன பெருமை என்று கட்டுரையாளர் கேட்பார், கேட்கட்டும். 1993-இல் போட்ட கையெழுத்தையே போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள்,
ஆர்.கே., திருச்சி