காலி டெஸ்டுக்கு ஒரு நாளில் போய்வரலாம்

ஆசிரியருக்கு,

காலியில் ஐந்து நாள் டெஸ்ட் கிரிக்கெட் போட்டி என்றதும் கொழும்பில் பலர் இரண்டு காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஒன்று, அறை எடுத்துத் தங்க வேண்டும், செலவு. மற்றது, ஒருநாள் மட்டும் போனால் ஆட்டத்தில் என்ன தெரியப்போகிறது என்ற எண்ணம். இரண்டும் சரியல்ல. விடியற்காலை புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தைக்குத் திரும்பிவிடலாம். எந்த நாளில் போவது என்பதில்தான் தவறு நடக்கிறது.

பெரும்பாலானோர் முதல் நாளுக்கே போகிறார்கள். காலி ஆடுகளம் முதல் நாளில் துடுப்பாட்டக்காரருக்குப் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். வெயிலும் கடற்காற்றும் ஈரத்தை எடுத்த பிறகு, பந்துவீச்சாளரின் கால்தடம் பட்ட இடங்கள் பெயர்ந்து தூசியாகும். பந்து குத்தித் திரும்பும் சுழல் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே முடிவை இரண்டாம் நாள் மாலையில் எடுங்கள். அதற்குள் இரு அணிகளின் முதல் இன்னிங்ஸும் முடிந்திருந்தாலோ, முடியும் நிலையில் இருந்தாலோ மூன்றாம் நாள் போக வேண்டும். முதலில் ஆடிய அணியே இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் நான்காம் நாள். ஐந்தாம் நாளை நம்பி விடுமுறை எடுக்க வேண்டாம், காலியில் பல போட்டிகள் அதுவரை நீள்வதில்லை. டெஸ்டுக்கு அன்றைய தினமே பெரும்பாலும் டிக்கெட் கிடைக்கும். இங்கிலாந்து அணி வரும்போது மட்டும் கதை வேறு, அவர்களின் ரசிகர்களே ஊரை நிறைத்துவிடுவார்கள்.

2015 ஓகஸ்ட்டில் இந்தியாவுடனான போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை 183க்கு ஆட்டமிழந்தது, இந்தியா 375. முதல் இரண்டு நாள் பார்த்தவர்கள் தோல்வி நிச்சயம் என்று திரும்பியிருப்பார்கள். மூன்றாம் நாள் இலங்கையின் இரண்டாவது இன்னிங்ஸில் 95க்கு 5 விக்கெட் என்ற நிலையிலிருந்து தினேஷ் சந்திமால் ஆட்டமிழக்காமல் 162 ஓட்டங்கள் எடுத்தார். நான்காம் நாள் 176 என்ற இலக்கை எதிர்கொண்ட இந்தியா 112க்குச் சுருண்டது. ரங்கன ஹேரத் 48 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். அந்த இரண்டு நாட்களில் எந்த ஒன்றுக்குப் போயிருந்தாலும் வாழ்நாளுக்கும் போதும்.

இந்தக் கணக்குக்கு ஒரே பெரிய விலக்கு மழை. சுழல் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் 800ஆவது டெஸ்ட் விக்கெட் 2010 ஜூலை 22ஆம் திகதி, ஐந்தாம் நாளில் விழுந்தது. இரண்டாம் நாள் முழுவதும் மழையில் போனதால்தான் ஆட்டம் அவ்வளவு தூரம் நீண்டது. 792 விக்கெட்டுகளுடன் தனது கடைசி டெஸ்டில் இறங்கியவருக்கு முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் இரண்டு. எஞ்சிய ஒன்றுக்காக இந்தியாவின் கடைசி இணை மைதானத்தையே காக்க வைத்தது. கடைசியில் பிரக்யான் ஓஜா கொடுத்த பிடியை மஹேல ஜயவர்தன விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்திலுள்ள ஸ்லிப் இடத்தில் எடுத்தார். தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடிய ஒருவரின் கடைசிப் பந்து அது. பிள்ளைகளைக் காலிக்குக் கூட்டிப்போகிறவர்கள் அந்த ஸ்லிப் இடத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

இனிப் பயணம். கடுகதி ரயில்கள் வெள்ளவத்தையில் எல்லாம் நிற்பதில்லை. நின்றாலும் இருக்கை கிடைக்காது. கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போவதைவிட மருதானைக்குப் போய் ஏறுவது நல்லது. கரையோரப் பாதையின் பல ரயில்கள் அங்கிருந்தே புறப்படுகின்றன, கோட்டை மேடையில் நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் இடம் பிடித்துவிடலாம். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். கடல் அந்தப் பக்கம், காலை வெயில் மறுபக்கம். கடுகதியில் காலிக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அளுத்கமைக்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட ஏதாவது ஒரு நிலையத்தில் காத்து நிற்க நேரும். ஆட்டம் வழக்கமாகக் காலை 10 மணிக்கு ஆரம்பம். முந்தைய நாள் மழையில் ஓவர்கள் குறைந்திருந்தால் 15 நிமிடம் முந்தியே தொடங்கிவிடுவார்கள். எனவே 9 மணிக்குள் காலியில் இறங்கும் ரயிலைத் தெரிவு செய்யுங்கள். தவறவிட்டால் கொழும்புக்கு வெளியே உள்ள மாகும்புரவிலிருந்து அதிவேக நெடுஞ்சாலை பஸ் இருக்கிறது. ஆனால் காலை நெரிசலில் மாகும்புரவை அடைவதற்கே பாதி நேரம் போய்விடும். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் மைதானத்துக்கு நடை தூரத்தில்தான், முச்சக்கரவண்டி தேவையில்லை.

எங்கே உட்காருவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். பக்கவாட்டு அரங்கில் இருந்தால் பந்து எங்கே குத்துகிறது என்பது தெரியும், எவ்வளவு திரும்புகிறது என்பது தெரியாது. சுழலைப் பார்க்கப் பந்துவீச்சாளரின் முதுகுக்கு நேரே இருக்க வேண்டும். அந்தக் கோணத்தைக் காலிக் கோட்டையின் மதில் இலவசமாகத் தருகிறது. ஒல்லாந்தர் மதில் மேல் மணிக்கூட்டுக் கோபுரத்தை ஒட்டிய பகுதியில் நின்றால் ஆடுகளத்தின் கோட்டைப் பக்க முனைக்குப் பின்னாலிருந்து ஆடுகளம் நீளவாக்கில் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஒன்று இருந்தால் விக்கெட் காப்பாளரின் கையுறை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுவரை பார்க்கலாம். மதிய உணவு இடைவேளை வரை உள்ளே, தேநீர் இடைவேளைக்குப் பின் மதில் மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்பவும் உள்ளே விடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.

மதிலில் நிழல் கிடையாது. காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, இரவில்தான் தோல் எரியும். தொப்பிக்கு நாடாவும் ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் வேண்டும். உள்ளே கொண்டுபோவதாயின் பிளாஸ்ரிக் போத்தலில் எடுங்கள், கண்ணாடி வாயிலிலேயே நின்றுவிடும். ஜூன், ஜூலை ஆட்டங்களில் மாலைச் சூரியன் இடப்பக்கம் சற்று முன்னால் இறங்கிக் கண்ணில் படும். ஜனவரியில் அது முதுகுப் பக்கம் போய்விடும். மதில் விளிம்பில் பல இடங்களில் தடுப்பே இல்லை. பிள்ளைகளை விளிம்பிலிருந்து தள்ளியே வையுங்கள், விக்கெட் விழுந்து எல்லோரும் துள்ளும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான இன்னொன்று. ஒரு நாளைக்கு 90 ஓவர். ஆட்டம் 5 மணிக்கு முடிய வேண்டும் என்றாலும், ஓவர்கள் பாக்கி இருந்தால் அரை மணி நேரம் நீளும். ஐந்தரைக்கு ரயில் பிடிக்கத் திட்டமிட்டவர்கள்தான் கடைசி விக்கெட்டைத் தவறவிடுகிறார்கள். ஆறு மணிக்குப் பின்னான கொழும்பு ரயிலை முந்தைய நாளே விசாரித்து வையுங்கள். ஞாயிறு மாலை நின்றுகொண்டுதான் வர நேரிடும், வார நாட்களில் இருக்கைக்கு வாய்ப்பு அதிகம்.

திரும்பும்போது கடல் இடப்பக்கம். ஹிக்கடுவையைத் தாண்டியதும் பெரேலிய. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஒரு முழு ரயிலையும் ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்களையும் கொண்டுபோன இடம். அதே காலையில்தான் காலி மைதானமும் நீரில் அழிந்தது. 1998 ஜூனில் நியூசிலாந்துடன் தன் முதல் டெஸ்டை நடத்திய அந்த மைதானத்தில் மறுபடி டெஸ்ட் நடக்க 2007 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். காலியில் டெஸ்ட் நடக்கும் நாட்களில், முந்தைய நாள் ஆட்டநேர முடிவில் ஓட்ட எண்ணிக்கை, மறுநாள் ஆரம்பிக்கும் நேரம், கொழும்பிலிருந்து போகவும் வரவும் உள்ள ரயில் நேரங்கள் ஆகிய மூன்றையும் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அதைக் காலையில் பார்த்துவிட்டே பல குடும்பங்கள் புறப்பட்டுவிடும்.

இப்படிக்கு,
காலி டெஸ்டுகளை நேரில் பார்க்கும் ரசிகர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.