கிராணிக்கு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள கிராணி,

நலம், நலமறிய ஆவல். தீபாவளி வாழ்த்துக்கே பதில் போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்திருப்பாய். இருக்கிறது. பொறு.

தோட்டத்தில் பெரட்டுக்கு, அதான் வேலையாட்களைப் பெயர் கூப்பிடுவதற்கு, தண்டவாளத் துண்டில் அடித்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தையே எழுப்புவாரே, கங்காணி வேலை பார்த்த மண்டோர் மாமா! தோட்டம் கைமாறி லயத்தை இடித்த பிறகு மகள் வீடு, கோயில் மண்டபம் என்று அலைந்து, கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிரே கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் அட்டை விரித்துப் படுத்துவிட்டார். இரண்டு முறை பார்க்காதவன்போல் கடந்து போனேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

நலத்துறைக்குத் தகவல் சொல்லிவிடு என்றார்கள் சிலர். 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் மூன்று வருடம்வரை இல்லத்தில் வைக்கலாம். கூரை கிடைக்கும். மனிதருக்கு வேலை?

அதனால் அண்ணன் பூட்டிப்போட்ட ரொட்டிக் கடையைத் திறந்துவிட்டேன். சிரிக்காதே. மாமாவோடு சேர்த்து நான்கு பேர் பழகுகிறார்கள். யோசனை என்னுடையதல்ல. அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் பெர்னி கிளாஸ்மேன் என்ற ஜென் குரு 1982இல் கிரேஸ்டன் பேக்கரியைத் தொடங்கினார். நேர்காணல் கிடையாது, பழைய வழக்கு விசாரிப்பு கிடையாது. பட்டியலில் பெயர் எழுதினால் முறை வரும்போது வேலை. பிரௌனி என்ற சாக்லேட் கேக் சுடுவதற்காக ஆள் எடுப்பதில்லையாம், ஆள் எடுப்பதற்காகவே பிரௌனி சுடுகிறார்களாம். பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீமுக்குள் இருக்கும் பிரௌனி அவர்கள் கைவேலைதான்.

படிக்க இனித்தது. இங்கே மாவு பிசைவதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். மற்றதில்தான் நாக்குத் தள்ளியது. சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு மைகார்டு அடையாள அட்டை வேண்டும். மாமா அதைத் தொலைத்து எத்தனை வருடமோ. ஐந்தடியில் படுத்தவன் கொசுக்கடியில் தூங்காமல் காலையில் அடுப்பு முன் நின்றால் கையைச் சுட்டுக்கொள்கிறான். முதலில் குளிக்க இடமும் படுக்க இடமும் தேட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது மாடியில் பாய் போட்டிருக்கிறேன்.

ஊர்க்காரர்கள் முதல் வாரம் பரிதாபப்பட்டு பன் வாங்கினார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேரைக் காணோம். பன் கல்லாக இருந்தது, அவர்களைக் குறை சொல்லக் கூடாது. இப்போது தேங்காய் பன் மட்டும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட்; நால்வருக்கு 6,800. சொக்சோ காப்புறுதி, இபிஎஃப் சேமநிதி தனி. விற்பனை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. மீதி என் சேமிப்பிலிருந்து போகிறது. உன் தங்கச்சிக்கு இன்னும் முழுக் கணக்குத் தெரியாது, நீயும் உளறிவிடாதே. கடைக்கு வெளியே பட்டியலில் மேலும் ஏழு பெயர்.

அதற்குத்தான் கணக்கெழுதும் கிராணி நீ. ஒரு சனிக்கிழமை வந்து கணக்குப் புத்தகத்தைப் பார். மாவு விலை, எரிவாயு, என் முட்டாள்தனம், எதை வேண்டுமானாலும் வெட்டு. சம்பளத்தில் மட்டும் கை வைக்காதே.

இரவு தங்குவதானால் சொல்லிவிடு. மாமா இப்போது நாலு மணிக்கு ரொட்டித் தட்டில் அடித்து எழுப்புகிறார்.

உன்
ஒட்டுப்பால்