மூடியைத் தளர்த்தி வைத்த கைகளுக்கு

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

சார்கோ-மரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நாங்கள் நடத்திய ஓட்டத்தில், இந்த நோயுள்ள தம்பி தங்கைக்காக ஓட வந்த அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் துணைநின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

முதலில், தண்ணீர் மேசையில் நின்ற தொண்டர்களுக்கு. பாட்டில் மூடிகளை முன்கூட்டியே அரைத் திருகு தளர்த்தி வைத்திருந்தீர்கள். இந்த நோய் காலோடு நிற்பதில்லை. விரல்களின் சிறு தசைகளும் மெலிந்துபோகும். மூடி திறப்பதும் ஊக்கு குத்துவதும் பெரும்பாடு. எண் அட்டையை நீங்களே கேட்டு வாங்கிக் குத்திவிட்டதும் எவ்வளவு பெரிய உதவி!

கடைசி ஒரு கிலோமீட்டரை, கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் அணிந்தவர்களும் நடந்தார்கள். அதற்காகச் சரளைக்கல்லைப் பெருக்கித் தள்ளியவர்களுக்கு நன்றி. பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்தால் கால்நுனி தரையில் இடறும், பாதம் ‘தப்’பென்று விழும். அந்த ஓசை கேட்டதுமே நாற்காலியை நகர்த்திப் போட்டீர்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் சரி. களைத்த பிறகு வைக்கும் அடியில்தான் கணுக்கால் பிசகும்.

பிரேஸ்களைச் சரிபார்த்துத் தந்தவருக்கு: பிரேஸின் மேல்விளிம்பையும் தாண்டி ஏறும் சாக்ஸைச் சுருக்கமின்றி இழுத்துவிட வேண்டும் என்றீர்கள். கழற்றியதும் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்கச் சொன்னீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் வலிக்காதே! சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் பிரேஸைத் திருத்த வேண்டும் என்பதை இப்போது எல்லோரும் பழகிவிட்டார்கள்.

துண்டறிக்கையைத் திருத்தித் தந்த டாக்டருக்குத் தனி நன்றி. ‘பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு வரும்’ என்று எழுதியிருந்தோம். நோயின் பெரும்பாலான வகைகளில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக 50 சதவீத வாய்ப்பு என்று மாற்றினீர்கள். நாலு பிள்ளைகளில் ஒருவருக்கும் வராமலும் போகலாம், நாலு பேருக்கும் வரவும் கூடும். அதிகம் காணப்படும் 1ஏ வகைக்குக் காரணம், 17-ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 மரபணு ஒரு பிரதி கூடுதலாக இருப்பதுதான். தாய் செய்த பாவமும் அல்ல, தகப்பன் செய்த பாவமும் அல்ல. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்த நோய் உள்ளவர்களின் நரம்பைக் கடுமையாகப் பாதிக்கும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் நீங்கள்தான்.

அந்தத் துண்டறிக்கைகள் ஒரு கட்டு மீதி இருக்கின்றன. பிசியோதெரபி அறையிலோ பள்ளியிலோ வைக்க விரும்புவோர் கேளுங்கள், அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஓட்டத்தை ஒருங்கிணைத்த குழு