மிளகாய் விதைப் பக்கற்றில் தமிழில் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விசுவமடுவில் கால் ஏக்கரில் மிளகாய் செய்கிறேன். "விதை ஒன்று போடச் சுரை ஒன்றா முளைக்கும்?" என்று என் ஐயா கேட்பார். இந்த வருடம் என் தோட்டத்தில் ஏறக்குறைய அப்படித்தான் முளைத்தது. ஏன் என்று விளங்குவதற்குள் எனக்கு ஒரு போகம் போய்விட்டது. இன்னொருவருக்கும் அப்படிப் போகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன வருடம் கடையில் வாங்கிய விதை அருமையாக விளைந்தது. எல்லாச் செடியும் ஒரே உயரம், எல்லாக் காயும் ஒரே நீளம். பக்கற்றில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. திறமான செடிகளில் பழுக்கவிட்டு, பாயில் காயவைத்து, சாம்பல் பிரட்டிப் போத்தலில் அடைத்தேன். ஐயா காலத்தில் கலப்பினமல்லாத எம்.ஐ.2 என்ற மிளகாய் இனத்தில் இப்படித்தான் விதை எடுத்தோம், ஒரு பிசகும் வந்ததில்லை. இந்த முறையோ ஒரு செடியில் விரல் நீளக் காய், பக்கத்துச் செடியில் அதில் பாதி. ஒன்று முந்திப் பழுத்தது, ஒன்று பூக்கவே சுணங்கியது. இலைச்சுருளல் பாதித் தோட்டத்தை முடக்கியது. சந்தையில் வியாபாரி சாக்கைக் கொட்டிப் பார்த்துவிட்டு, கலப்புக் காய் என்று விலையைக் குறைத்தார்.

மூத்த மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். "முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை" என்று கலப்பிரிவின் படிகளை இரவிரவாகப் பாடமாக்குவாள். எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது. அன்று காய்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஒடுக்கற்பிரிவின் வேலை" என்றாள். நிறமூர்த்தங்கள் பாதியாகும் கலப்பிரிவுதான் அது. தாயின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலில் 12 துண்டும் நீல நூலில் 12 துண்டும் வெட்டி, பாயில் சோடி சோடியாக அடுக்கினாள். மிளகாயின் ஒவ்வொரு கலத்திலும் பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் நூல் போன்ற நிறமூர்த்தங்கள் 24, அதாவது 12 சோடிகள். நான் வாங்கியது இரண்டு வழிகளைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பின விதை. அதில் சிவப்பு ஒரு தாய் வழியிலிருந்து, நீலம் வேறொரு தந்தை வழியிலிருந்து. எல்லா விதைக்கும் இதே 12 சிவப்பு, 12 நீலம். அதனால்தான் முதல் வருடம் எல்லாம் ஒன்றுபோல் நின்றன.

அந்தச் செடி பூக்கும்போதுதான் மாற்றம் தொடங்குகிறது. மகரந்தமும் சூலும் உருவாக, சோடிகள் பிரிந்து ஒவ்வொரு சோடியிலும் ஒரு நூல்தான் போகும். சிவப்பா நீலமா என்பது சோடிக்குச் சோடி வேறு. 12 சோடிக்கு 4096 விதமாகப் பிரியலாம். மகரந்தத்தில் 4096, சூலில் 4096, இரண்டும் சேர்ந்தால் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல். சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. மகள் ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் நடுவில் வெட்டி, மாற்றி முடிச்சுப் போட்டாள். பாதி சிவப்பு, பாதி நீலமாக இரண்டு புது நூல்கள். பிரியும் முன் சோடிகள் இப்படித் துண்டு மாற்றிக்கொள்ளுமாம். அந்த முடிச்சைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல்லுக்கும் 12 சோடிதான். ஆனால் நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வதால், தலைமுறைகள் போகப் போகச் சோடியின் இரண்டு நூலும் ஒரே நிறமாகிவிடும். எப்படிப் பிரித்தாலும் அதே நெல்தான். மொட்டைக்கறுப்பன் நெல்லை ஐயா காலமெல்லாம் வீட்டு விதையில் விதைக்க முடிந்தது அதனால்தான்.

இந்தப் பாதியாக்கம் இல்லையென்றால் தலைமுறைக்குத் தலைமுறை நிறமூர்த்தங்கள் இரட்டித்துக்கொண்டே போகும். 1883இல் வான் பெனடன் என்ற பெல்ஜிய விஞ்ஞானி குதிரையின் வட்டப்புழுவில் இந்தப் பாதிக் கணக்கைக் கண்டார். மதுவம் (ஈஸ்ட்), காளான், மிளகாய், மாடு, மனிதர் எல்லாரிலும் அந்த நூலை வெட்டித் துண்டு மாற்றத்தைத் தொடங்குவது ஒரே குடும்பத்து நொதியம் (என்சைம்). அப்படியென்றால் எங்கள் எல்லாருக்கும் பொதுவான மூதாதை ஒன்றில், 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, இது தொடங்கியிருக்க வேண்டும். இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறமூர்த்தத் தொகுதி மூன்று. மூன்றைச் சோடியாக்க முடியாது, அதனால் விதை இல்லை. குட்டி வைத்தே பெருக்குகிறோம், எல்லாம் ஒரே வாழை. குரோஸ் மிஷெல் என்ற ஏற்றுமதி வாழையைப் பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றது. கலந்து பிறந்தவற்றில் ஒன்றிரண்டாவது தப்பும்.

கலப்பின விதையை நான் குறை சொல்லவில்லை, விளைச்சலைக் கண்டவன் நான். ஆனால் "இது கலப்பினம், இதிலிருந்து விதை எடுத்தால் ஒன்றுபோல் வராது" என்று பக்கற்றில் பெரிய எழுத்தில் தமிழில் போட வேண்டும். விற்பவரும் வாயால் சொல்ல வேண்டும். கமநல சேவை நிலையக் கூட்டங்களுக்கு ஊர்ப் பாடசாலையின் உயிரியல் ஆசிரியரை ஒருநாள் கூப்பிட்டால் என்ன? நூல் துண்டு 24 போதும்.

சுருளல் தோட்டத்தில் பாதியை முடக்கியபோதும் மூன்று செடிகள் பச்சையாக நின்றன, காயும் நீளம். அவற்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அதே செடியின் மகரந்தமே சேரும்படி பூக்களை மெல்லிய துணியால் மூடி விதை எடுக்கப்போகிறோம். நிலையான இனமாக ஆறேழு தலைமுறை செல்லும் என்கிறாள் மகள். நான் பொறுப்பேன்.

மிளகாய்ச் செய்கையாளர்,
விசுவமடு.