‘போர்டு போச்சு’ என்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்புகள் பல இன்று பரணில் கிடக்கின்றன. தம்பி தங்கை படிக்க ஆகுமே என்று எடுத்து பவர் பட்டனை அழுத்தினால் அசைவில்லை. கடையில் கொடுத்தால், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைக்கூட வைக்காமல் ‘மதர்போர்டு போச்சு’, அதாவது எல்லா பாகங்களையும் இணைக்கும் முதன்மை போர்டே போச்சு, என்று சொல்லிவிடுகிறார்கள். போர்டு பழுதாவது உண்டுதான். ஆனால் வருடக்கணக்கில் சும்மா கிடந்த லேப்டாப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை.

சார்ஜ் அடியோடு இறங்கினால், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் அதைத் துண்டித்துவிடும். அந்தச் செத்த பேட்டரி மாட்டியிருக்கும்வரை சில மாடல்கள் சார்ஜரில்கூட ஆன் ஆகாது. சார்ஜரை உருவி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

அப்படியும் லைட் எரியவில்லை என்றால் சார்ஜரை அளக்க வேண்டும். லேபிளில் 19 வோல்ட் என்று இருந்தால் மீட்டரும் ஏறக்குறைய அதையே காட்ட வேண்டும். 20 வோல்ட் சார்ஜர் என்றால் மீட்டரை 200 டிசி ரேஞ்சில் வையுங்கள். 20 ரேஞ்சில் ‘1’ என்று நின்றுவிடும், சார்ஜர் கெட்டது என்று தவறாக நினைப்போம். புதிது வாங்கும்போது வோல்ட் மாறவே கூடாது. ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பின்னை அசைத்தால் லைட் விட்டுவிட்டு எரிகிறதா? சார்ஜர் பின் செருகும் துளையான டிசி ஜாக் தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் அது தனி ஒயரோடு வருவதால் மாற்றுவது சுலபம். லேப்டாப்பில் செருகியதும் சார்ஜரின் சொந்த லைட்டே அணைந்தால்தான் போர்டில் ஷார்ட் என்று பேச வேண்டும். அப்போதும் போர்டில் உள்ள சிறு பாகங்களான ஒரு கெபாசிட்டரோ மாஸ்ஃபெட்டோ மட்டும் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், முழு போர்டையும் மாற்ற அவசரப்பட வேண்டாம்.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் ரேமை (தற்காலிக நினைவக அட்டையை) பாருங்கள். ஈரக்காற்றில் அதன் தங்க முனைகளில் படலம் படிந்து தொடர்பு விட்டுப்போகும். சார்ஜரை உருவி, பேட்டரியையும் கழற்றிவிட்டு (உள்ளே இருந்தால் அதன் கனெக்டரை எடுத்துவிட்டு) ரேமின் இருபுறக் கிளிப்புகளையும் விலக்குங்கள். ரேம் சாய்வாக எழும்பி வரும். பென்சில் ரப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, கிளிப் ‘டக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியானால் திரைக்கு ஒளி தரும் பேக்லைட்தான் போயிருக்கிறது.

கம்பெனி லோகோ வந்து அங்கேயே நின்றால் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். டக், டக் என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ‘விண்டோஸ் போட்டால் சரியாகும்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டினால் உள்ளே இருக்கும் புகைப்படங்களும் சான்றிதழ்களும் அழிந்துவிடும். முதலில் டிஸ்கைக் கழற்றி, சாட்டா–யுஎஸ்பி கேபிளில் வேறு கணினியோடு இணைத்து ஃபைல்களை எடுங்கள். பிறகு ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத வேகமான 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடலாம். பழைய லேப்டாப்புக்கு அதைவிட நல்ல செலவு வேறில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, 11-ஐ இவற்றில் பெரும்பாலானவை முறைப்படி ஏற்காது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் இலவசம், 4 ஜிபி ரேமிலும் ஓடும்.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘போர்டு பழுது’ என்று எழுதும் ரசீதில், சார்ஜர் எத்தனை வோல்ட் காட்டியது, பேட்டரி இல்லாமலும் வேறு ரேம் போட்டும் சோதித்தீர்களா என்பதையும் எழுதுங்கள். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்கும் தொழிலாளர்கள்,
திண்டுக்கல்.