பசியோடு வந்தவளுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாவுக்கும், அக்காவுக்கும், வேத வாசிப்புக் குழுவில் இருக்கும் எல்லாருக்கும்,

ஞானஸ்நானம் எடுத்த அன்று மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதினால் ஓரளவு வரும், அதனால் இந்த மடல். பெயர் போட்டால் உங்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும், அது போதும்.

முதலில், என் மனதின் பசியை நோய் என்று நினைக்காததற்கு நன்றி. வேலை, குடும்பம், உடம்பு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. துக்கம் என்று சொல்லவும் முடியாது. நல்லது ஏதாவது நடந்த நாளின் இரவில்தான் அது அதிகம் உறுத்தும். சரி, இதுவும் கிடைத்தது, அப்புறம்? வெளியில் சொன்னால் ஓய்வு எடு, எங்கேயாவது போய்வா என்பார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, அலுப்புக்கு அது நல்ல மருந்து. எனக்கு இருந்தது அலுப்பு இல்லை. உங்களிடம் சொன்னபோது யாரும் வழி சொல்லவில்லை. நாற்காலியை நகர்த்தி இடம் விட்டீர்கள்.

ஐயா, "இயேசுவிடம் வா, எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் மறுவாரம் நான் வந்திருக்க மாட்டேன். அதை வேறு இடங்களில் நிறையக் கேட்டாகிவிட்டது. நீங்கள் யோவான் சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து, "மெதுவாகப் போவோம்மா" என்றீர்கள். 71 வசனங்கள், வாரக்கணக்கில் போனது. 5 அப்பமும் 2 மீனும் 5,000 பேருக்குப் போதுமானதாக ஆன கதையை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. சின்ன வயதில் கேட்ட ஞாபகம் எனக்கும் இருந்தது. மறுநாள் கப்பர்நகூமில் நடந்த உரையாடலை யோவான் மட்டும்தான் எழுதியிருக்கிறார், அது எனக்குப் புதிது. வயிறு நிறைந்த கூட்டம் படகேறித் தேடி வருகிறது. வந்தவர்களிடம் இயேசு, நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதாலேயே என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆள் சேர்க்க நினைப்பவர் பேசும் பேச்சா இது! "ஜீவ அப்பம் நானே, என்னிடத்தில் வருகிறவன் ஒருக்காலும் பசியடையான்" என்பதும் அதே கூட்டத்திடம்தான் சொல்லப்பட்டது. அவர் மேலும் பேசப்பேச, இது கடினமான உபதேசம் என்று சீஷர்களிலேயே பலர் முறுமுறுத்துப் பின்வாங்கிப் போகிறார்கள். யாரையும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மீதியிருந்த பன்னிரண்டு பேரிடமும், நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று கேட்கிறார்.

"ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்" என்கிறார் பேதுரு. எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. போக வேறு ஆள் இல்லை என்கிறார். இவ்வளவுதான் தொடக்கம் என்றால் என்னாலும் முடியும் என்று அன்றுதான் தோன்றியது. அதை நீங்கள் விளக்காமல், நானே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருந்தீர்கள் பாருங்கள், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அக்கா, எனக்கு ஜெபிக்கத் தெரியாது என்றேன். வேதத்தில் இருக்கும் ஜெபப் பாடல்களான சங்கீதப் புத்தகத்தைக் கொடுத்து, "இதில் இருப்பதையே சொல்லு" என்றீர்கள். 150 சங்கீதமும் துதியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 42ஆம் சங்கீதத்தில் ஒருவர் தன் கண்ணீரே தனக்கு உணவாயிற்று என்கிறார். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, ஆறுதலாக ஒரு வரி கிடையாது. கடவுளிடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று கேட்டதற்கு, "பேசியிருக்கிறார்களே" என்றீர்கள். அதற்குப் பிறகு நல்ல வார்த்தை தேடி நான் தவிக்கவில்லை.

பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் அகுஸ்தீனின் கதையைச் சொன்ன தம்பிக்கும் நன்றி. கி.பி. 384இல் பேச்சுக்கலை ஆசிரியராக மிலான் நகரத்துக்கு வந்தவர், ஆயர் அம்புரோசின் பிரசங்கத்துக்கு முதலில் போனது பேச்சின் அழகைக் கேட்கத்தான். அம்புரோஸ் அவரைத் தகப்பனைப் போல வரவேற்றார். போதகர் என்பதற்கு முன்பே, தன்னிடம் அன்பாக இருந்த மனிதர் என்றுதான் அவரைப் பிடித்தது என்று அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். அதற்கு மேல் தாய் மோனிக்காவின் கண்ணீர், சிம்பிளிசியானுஸ் என்ற பெரியவரின் பேச்சு, வனத்துத் துறவி அந்தோணியாரைப் பற்றிச் சொன்ன ஒரு விருந்தாளி. 387இல் ஞானஸ்நானம். உம்மில் இளைப்பாறும்வரை எங்கள் நெஞ்சத்துக்கு அமைதியில்லை என்று கடவுளிடம் சொன்ன மேதைக்கே இத்தனை பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள். நான் உங்கள் எல்லாரையும் தொந்தரவு செய்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்னும் சிலர். என் பெயரைச் சொல்லி ஜெபித்ததை என்னிடம் சொல்லாமலே இருந்த அம்மா. பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்த சிறுவன். நம்பிக்கை இல்லாவிட்டாலும், "நீ நிஜமாகவே நம்புகிறாயா, இல்லை ஆறுதலுக்காகவா?" என்று விடாமல் கேட்ட என் தோழி. அவளால்தான் நான் இரண்டாவது முறை யோசித்தேன். சாட்சி சொல்லும்போது இப்படிப்பட்டவர்களை நாம் விட்டுவிடுகிறோம், அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

இப்போது நிறைவாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. வறண்ட நாட்களும் இருக்கின்றன. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இறங்காது. முன்பு அப்படி ஒரு நாள் வந்தால் வேறு எதையாவது போட்டு அதை மூடப் பார்ப்பேன். இப்போது அப்படியே திருவிருந்துக்கு வருகிறேன். என் மனது எப்படி இருந்தாலும் அப்பம் கையில் வைக்கப்படுகிறது, "உனக்காக" என்று சொல்லப்படுகிறது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றுகிறது என்பதை நம்பி அது இல்லை. எனக்குக் கிடைத்த நிம்மதியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

ஐயா, குழந்தைகள் ஏன் சாகிறார்கள் என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதும்மா, யோபுவை வாசிப்போமா?" என்றீர்கள். வேதத்தில் யோபுவின் புத்தகம் 42 அதிகாரம், எப்போது முடியுமோ. அடுத்த வாரம் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தியும் வருகிறாள். அவளிடமும் கேள்விகள் நிறைய உண்டு. ஞானஸ்நானம் எப்போது என்று முதல் நாளே யாரும் கேட்டுவிடாதீர்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி