மாதவிடாய் ஹார்மோன்கள் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

"போன மாசம் வந்தது டீச்சர், இந்த மாசம் இன்னும் வரலை, ஏதாவது கோளாறா?" ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்களின் அம்மாக்கள் என் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கும் கேள்வி இது. எல்லோருக்குமே தெரிய வேண்டிய விஷயம் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். அப்பாக்களும் படியுங்கள், மகன் மட்டும் உள்ள வீட்டிலும் படியுங்கள்.

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் நாள். அன்று சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் மிகக் குறைவாக இருக்கும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற தூண்டும் ஹார்மோனை அனுப்ப, சினைப்பையில் முட்டை இருக்கும் சிறு பை வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும், அதனால் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும் அதே பிட்யூட்டரியில் இருந்து வரும் எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோன் சட்டென்று எகிறி, ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளியே வரும். அப்புறம், முட்டை போன அந்தப் பையே புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கும். கரு உண்டாகாவிட்டால் சுமார் 14 நாளில் அது சுருங்கிவிடும், இரண்டு ஹார்மோன்களும் சரியும், தடித்த சுவர் உதிரும்.

சரி, ஏன் தள்ளிப்போகிறது? பூப்பெய்திய முதல் ஓரிரு வருடங்களில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் படிந்திருக்காது, பல மாதங்கள் முட்டை வெளிவராமலேயே போகும். வளரும் பெண்களுக்கு 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்புதான். ஆனால் 90 நாளுக்கு மேல் வராவிட்டாலோ, ரத்தப்போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயதாகியும் தொடங்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஹார்மோன்கள் சரியும் அந்தக் கடைசி நாட்களில் சிலருக்கு முகப்பரு வரும், மார்பு வலிக்கும், காரணமே இல்லாமல் அழுகை வரும். அதை உடனே திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்று வலியும் நடிப்பில்லை. உதிரும் சுவரில் இருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. தேர்வு நடுவில் ஒரு பெண் விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வயிற்றை அமுக்கிக்கொண்டு, எழுந்து போகலாமா வேண்டாமா என்று கண்காணிப்பாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறபோது எனக்கு மனசு கேட்பதில்லை. எந்த வகுப்பிலும் காரணம் கேட்காமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாப்கின் ஓய்வறையிலேயே இருக்கும். வலியால் படிப்பே கெடுகிறது என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

தொடங்கும் தேதியை மகள் ஒரு நோட்டில் குறித்து வரட்டும். அடுத்த வாரம் அறிவியல் ஆசிரியர் இந்தப் பாடத்தைப் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே வகுப்பில் நடத்துவார். கேட்கத் தயங்கும் கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தனுப்பலாம், உங்கள் கேள்விகளையும்தான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்